பச்சை டின் ஜெயித்த கதை: ஏர் ரைஃபிள் பெல்லட் சோதனை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வில் வருபவர் எங்கள் ரேஞ்சில் இரண்டு வருடமாகச் சுட்டுவருகிறார். என்னைவிட இளையவர். நான் பயிற்சியாளர் இல்லை. அங்கே துப்பாக்கிகளைப் பிரித்துப் பூட்டும் வேலையைப் பார்ப்பவன். இதை எழுதுவதற்கு அவர் சம்மதம் கொடுத்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு: "என் தப்பை எழுதினா உங்க தப்பையும் எழுதணும், அண்ணே." எழுதியிருக்கிறேன்.

அவரிடம் இருப்பது பேரலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் வகைத் துப்பாக்கி. 4.5 மி.மீ. காலிபர் (பேரலின் உள்விட்டம்), மேலே நான்கு மடங்கு ஸ்கோப். அவர் கலந்துகொள்வது 25 மீட்டரில், மேசையில் முழங்கை ஊன்றிச் சுடும் உள்ளரங்கப் போட்டி. காற்று கிடையாது. அதனால் தோட்டா எங்கே போகிறது என்பதற்குத் துப்பாக்கி, பெல்லட் (அதில் போடும் சின்ன ஈயக் குண்டு), ஆள் மூன்றும்தான் பொறுப்பு.

எந்தப் பெல்லட் தன் துப்பாக்கிக்குச் சரிப்படும் என்று கண்டுபிடிக்க ஏழு வகை டின்களை வாங்கி, ஒரே பிற்பகலில் ஒவ்வொன்றிலும் ஐந்து தோட்டா சுட்டுப் பார்த்தார். கம்பெனிப் பெயர்கள் இங்கே வேண்டாம், டின் மூடியின் நிறத்தைச் சொன்னால் போதும். ஐந்து ஓட்டைகளில் மிகத் தள்ளியிருக்கும் இரண்டின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம்தான் குரூப் அளவு. அவர் நோட்டில் இருந்தவை: பச்சை 13 மி.மீ., கறுப்பு 19, வெள்ளை 20, நீலம் 23, சிவப்பு 24, ஊதா 26, மஞ்சள் 38.

பச்சை ஜெயித்துவிட்டது. மறுநாளே ஆறு டின் பச்சை வாங்கினார், டின்னுக்கு 500 வீதம் 3,000 பெல்லட்.

அடுத்த மூன்று வாரம் அவர் சுட்ட குரூப்கள் 17, 22, 26, 19, 24 என்று வந்தன. 13 திரும்ப வரவே இல்லை. டின்னில் கோளாறு என்று நினைத்துப் பெல்லட்டுகளை மின்னணுத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரித்தார். பயனில்லை. ஸ்கோப்பைக் கழற்றி மாட்டினார். அதிலும் ஒன்றும் மாறவில்லை. துப்பாக்கியை என்னிடம் கொண்டுவந்தது அப்புறம்தான்.

மேசைமேல் கண்டவை

முன்கட்டையில் இருபுறமும் இருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களும் தளர்ந்திருந்தன. ஒன்று கால் சுற்று, இன்னொன்று அரைச் சுற்றுக்கும் மேல். ஸ்பிரிங் துப்பாக்கியில் இது அடிக்கடி பார்ப்பதுதான். ட்ரிகரை இழுத்ததும் ஸ்பிரிங் தள்ளி பிஸ்டன் முன்னே பாய, துப்பாக்கி பின்னே நகர்கிறது. முன்னால் காற்று அழுந்தி பிஸ்டனைத் தடுக்கும்போது துப்பாக்கி முன்பக்கம் தள்ளப்படுகிறது. பெல்லட் பேரலைவிட்டு வெளியேறுவதற்கு முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடும். இரண்டு திசையிலும் மாறி மாறி உதறும் இயந்திரத்தில் ஸ்க்ரூ தளரத்தான் செய்யும். தளர்ந்தால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் உலோகம் கட்டையில் வேறு வேறு இடத்தில் உட்காரும்.

பேரல் மடங்கும் இடத்திலுள்ள வாஷரில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தேன். மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றை அந்த இணைப்பின் மேல் போட்டுவிட்டு, பெல்லட் வைத்து சுட வேண்டும். காகிதம் அசையவில்லை, அதனால் வாஷர் சரி. பேரல் முனையில் வெட்டோ கீறலோ இல்லை. ஸ்கோப் மவுண்ட் இறுக்கமாக இருந்தது. ஆனால் கண்ணைக் கொஞ்சம் இடம்வலமாக நகர்த்தினால் குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகர்ந்தது. தூரத்துக் குறிக்கென்று அமைத்த ஸ்கோப்பைக் கிட்டத்துக் குறிக்குப் பயன்படுத்தினால் இது வரும். கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பதியாவிட்டால், எந்தப் பெல்லட் போட்டாலும் குரூப் விரியும்.

பெல்லட் வைக்கும் விதத்தையும் கவனித்தேன். சட்டைப் பையில் ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொண்டு அதிலிருந்து எடுத்து வைக்கிறார். பெல்லட் ஈயம், பின்பக்கம் பாவாடைபோல விரிந்து மெல்லிசாக இருக்கும். அந்த விளிம்பு காற்றழுத்தத்தில் விரிந்து பேரலின் உட்புறச் சுருள் வெட்டுகளான புரிகளைப் பிடித்தால்தான் பெல்லட் நேராகச் சுழலும். பையில் ஒன்றோடொன்று உரசினால் முதலில் நசுங்குவது அந்த விளிம்புதான். அவர் கொட்டிக் காட்டியதில் மூன்று பெல்லட் முட்டை வடிவத்தில் இருந்தன. (ஈயம் பட்ட விரலோடு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கை கழுவ அனுப்பினேன்.)

ஆறாவது ஓட்டை

இதையெல்லாம்விட எனக்கு உதவியது அவருடைய இலக்கு அட்டைகள். ஏழு அட்டைகளையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அவற்றுக்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். சோதனை செய்பவர்களில் பலர் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு அட்டையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

பச்சை அட்டையில் ஆறு ஓட்டைகள் இருந்தன. ஐந்தைச் சுற்றி பேனாவால் வட்டம் போட்டிருந்தார். ஆறாவது, வலதுபக்கம் தனியாக, பக்கத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறியோடு.

"இது என்ன தம்பி?"

"அது என் தப்பு அண்ணே. ட்ரிகரை வெடுக்குன்னு இழுத்துட்டேன். அதான் அதைக் கணக்குல எடுக்காம இன்னொண்ணு சுட்டேன்."

அதையும் சேர்த்து அளந்தேன். 21 வந்தது.

நீல அட்டையை எடுத்தேன். நான்கு ஓட்டைகள் 11 மி.மீ.க்குள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஐந்தாவது மட்டும் கீழே தள்ளி. அதனால்தான் 23. "இங்கே இழுக்கலையா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாபகம் இல்லை அண்ணே" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. பச்சைப் பெல்லட் நல்லது என்று யாரோ முன்பே சொல்லியிருந்தார்கள். நல்லது என்று நம்பும் பெல்லட் விலகிப் போனால் தப்பு நம்முடையதாகத் தெரிகிறது. நம்பாத பெல்லட் விலகினால் பெல்லட்டின் தப்பாகத் தெரிகிறது. இருபது வருடம் சுட்டவர்களும் இப்படித்தான் பெருக்கல் குறி போடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

அன்றைக்கே ஸ்க்ரூக்களை இறுக்கினேன். கன்னம் பதியும் இடத்தில் கட்டைமேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினோம். கன்னத்தில் அந்த விளிம்பு தட்டுப்பட்டால்தான் சுட வேண்டும். முன்கட்டை இடது உள்ளங்கையில் எங்கே உட்கார வேண்டும் என்பதற்குப் பென்சில் கோடு. கையை மூடிப் பிடிக்கக் கூடாது, விரித்த உள்ளங்கையில் சும்மா கிடக்க வேண்டும். ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் அந்த உதறல் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி அடங்கும். பெல்லட்டுகள் சட்டைப் பையிலிருந்து ஸ்பாஞ்ச் போட்ட தட்டையான பெட்டிக்கு மாறின.

அடுத்த முடிவைத்தான் அவர் ஏற்கத் தயங்கினார். பெல்லட்டுகளை ஒப்பிடுவதற்கு முன், ஒரே பெல்லட்டை அதனோடேயே ஒப்பிட வேண்டும் என்றேன். பச்சையில் பத்துத் தோட்டா வீதம் ஐந்து குரூப் சுடச் சொன்னேன். 24, 27, 22, 29, 25. சராசரி 25.4 மி.மீ. துப்பாக்கியும் ஆளும் பச்சையும் சேர்ந்தால் இவ்வளவுதான். இதுதான் எங்கள் அடித்தளம்.

"பத்து சுட்டா பெருசாத்தானே வரும்? அஞ்சு சுட்டா 13 வந்துச்சே" என்றார். பாதி சரி. குரூப்பில் தோட்டா கூடினால் அளவும் கூடும், ஏனென்றால் மிக விலகிய இரண்டை மட்டுமே அளக்கிறோம். தோட்டாக்கள் மையத்தைச் சுற்றி இயல்பாகச் சிதறினால் பத்துத் தோட்டா குரூப்பின் சராசரி, ஐந்து தோட்டா குரூப்பின் சராசரியைப்போல் சுமார் 1.24 மடங்கு. மூன்று தோட்டா என்றால் ஐந்தின் 0.78 மடங்குதான், மூன்று தோட்டா குரூப் எப்போதும் அழகாகத் தெரிவதன் ரகசியம் அது. அந்தக் கணக்கில் பச்சையின் ஐந்து தோட்டா சராசரி 20ஐ ஒட்டி வர வேண்டும். 13 எப்படி வந்தது?

வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதனால் அடுத்த வாரம் ஒரு வேலை செய்தேன்.

ஏழு கிண்ணங்கள்

ஏழு பிளாஸ்டிக் கிண்ணங்களில் ஒன்று முதல் ஏழு வரை எண் எழுதி, ஒவ்வொன்றிலும் பெல்லட்டுகளைப் போட்டு வைத்தேன். "ஒவ்வொன்றிலும் ஐந்து சுடு. எதையும் ஒதுக்கக் கூடாது. இழுத்துட்டேன்னு தோணினா ஸ்கோப்பில் பார்க்கறதுக்கு முன்னாடி சத்தமாச் சொல்லு, எழுதிக்கறேன். ஆனா தோட்டா கணக்குல இருக்கும்" என்றேன்.

சுட்டார். வெர்னியரில் நான் அளந்தேன். அளக்கும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. உருண்டைத் தலைப் பெல்லட் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போவதால் ஓட்டை 4.5 மி.மீ.யைவிடச் சின்னதாகத் தெரியும். எனவே வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்து 4.5 கழித்தால் குரூப் உள்ளதைவிடச் சிறிதாகிவிடும். அதே அட்டையில் தனியாக விழுந்த ஒரு ஓட்டையின் அகலத்தை அளந்து, அதைக் கழிப்பதுதான் முறை. தட்டைத் தலைப் பெல்லட் பஞ்சிங் மெஷின்போல வட்டமாக வெட்டும். அதில் இந்தத் தொல்லை இல்லை.

கிண்ண வரிசையில் அளவுகள்: 22, 17, 27, 14, 20, 23, 18.

அவர் முகம் மலர்ந்தது. "நாலாவது கிண்ணம்தான் பச்சை, இல்லையா? மூணாவது ஊதாவா இருக்கும். வைக்கும்போதே கொஞ்சம் லூசா இருந்துச்சு."

ஏழு கிண்ணத்திலும் பச்சைதான். ஒரே டின்.

அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அட்டைகளை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏழின் சராசரி 20.1. அடித்தளக் கணக்கு சொன்ன அதே எண். ஒரே டின், ஒரே நாள், ஒரே ஆள். சிறியதற்கும் பெரியதற்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம்.

ஐந்து தோட்டா குரூப்பின் இயல்பே அது. சராசரி 20 என்றால் தனி ஒரு குரூப் அதிலிருந்து கால்பங்கு மேலோ கீழோ போவது சர்வ சாதாரணம். மூன்றில் ஒருமுறை அதையும் தாண்டிப் போகும். முதல் சோதனையில் மஞ்சளைத் தவிர மற்ற ஆறும் 13 முதல் 26க்குள்தான் இருந்தன. இந்த ஏழு கிண்ணங்கள் 14 முதல் 27க்குள். அந்த முதல் பட்டியலில் உருப்படியான செய்தி ஒன்றே ஒன்றுதான் இருந்தது: கூர்முனை மஞ்சள் இந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. மீதியெல்லாம் குலுக்கல்.

முறையான சோதனை

ஏழையும் திரும்பச் சோதிக்கப் பொறுமை இருக்காது என்று தெரிந்தது. மஞ்சளை ஒதுக்கினோம். சிவப்பு டின்னில் பத்துக்கு ஒன்று நசுங்கியிருந்ததால் அதுவும் வேண்டாம். ஊதா பேரலில் தானாக நழுவி உள்ளே போனது, அதையும் விட்டோம். மீதி நான்கு: பச்சை, உருண்டைத் தலை, 4.50 என்று டின்மேல் போட்டிருந்தது. நீலம், உருண்டைத் தலை, 0.547 கிராம், 4.52. வெள்ளை, தட்டைத் தலை, 0.53 கிராம், 4.50. கறுப்பு, உருண்டைத் தலை, கனமானது, 0.67 கிராம்.

காலிபர் 4.5 என்றாலும் பெல்லட் தலையின் விட்டம் நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் மாறும், டின்மேல் எழுதியிருப்பது அதைத்தான். ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்து மதிப்பெண் புள்ளியின் விட்டமே 0.5 மி.மீ.; மதிப்பெண்ணில் பத்தில் ஒரு பங்கு என்பது 0.25 மி.மீ. விலகல். அந்த மட்டத்தில் சுடுபவர்கள் துப்பாக்கியை இறுகப் பூட்டிவைத்து, ஒரே பெல்லட்டின் வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளைக்கூட ஒன்றோடொன்று ஒப்பிட்டு வாங்குகிறார்கள். எங்களிடம் பூட்டிவைக்கும் சாதனம் இல்லை. ஸ்பிரிங் துப்பாக்கியைப் பூட்டிவைத்தால் அது கையில் நடந்துகொள்வதுபோல் நடந்துகொள்ளாது என்பதால், இருந்திருந்தாலும் பயன்படுத்தியிருக்க மாட்டேன்.

நான்கு நாட்கள். ஒவ்வொரு நாளும் நான்கு பெல்லட்டும் பத்துத் தோட்டா குரூப் ஒன்று வீதம். பெல்லட் மாறும்போதெல்லாம் முதலில் இருபது தோட்டாவைக் கணக்கில்லாமல் சுட்டோம். பேரலுக்குள் முந்தைய பெல்லட்டின் ஈயமும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். புதியது தன் பூச்சைப் போட்டு நிலைப்பதற்கு இடம் கொடுக்க வேண்டும். அவருடைய முதல் சோதனையில் இந்த இடைவெளியே இல்லை. ஒரு டின் முடிந்ததும் அடுத்த டின்.

வரிசையை நாள்தோறும் மாற்றினோம், ஒவ்வொரு பெல்லட்டும் முதலாவதாக ஒருநாள், கடைசியாக ஒருநாள் வரும்படி. நாளுக்கு 120 முறை பேரலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றுவது சின்ன வேலையில்லை. நான்காவது பெல்லட் வரும்போது தோள் கனத்திருக்கும். பின்னால் பார்த்தபோது, நாளின் கடைசிக் குரூப் எந்தப் பெல்லட்டாக இருந்தாலும் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. வரிசையை மாற்றாமல் விட்டிருந்தால் அந்தக் களைப்பு ஏதோ ஒரு பெல்லட்டின் தலையில் விழுந்திருக்கும்.

பெல்லட் எது என்று அவருக்குத் தெரியாமல் செய்ய முயன்றோம். முழுசாக முடியவில்லை. தட்டைத் தலையை விரல் சொல்லிவிடும், கனமானதன் சத்தத்தைக் காது சொல்லிவிடும். பச்சைக்கும் நீலத்துக்கும் மட்டும் ஓரளவு முடிந்தது.

இலக்கின் நடுவில் பட்டதா என்பதைப் பார்க்கவே இல்லை. கனமான பெல்லட் மெதுவாகப் போகும், கீழே விழும். ஒவ்வொன்றுக்கும் ஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டிருந்தால் அதுவே புதிய குழப்பம். குரூப் எங்கே விழுந்தாலும் சரி, எவ்வளவு நெருக்கம் என்பதுதான் கேள்வி.

கடைசியாக, அளவுகோலையும் மாற்றினோம். குரூப் அளவு பத்துத் தோட்டாவில் இரண்டை மட்டும் பார்த்து எட்டை வீணாக்குகிறது. அட்டையைப் போனில் படமெடுத்து, பத்து ஓட்டைகளின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒவ்வொரு ஓட்டையும் எவ்வளவு தூரம் என்று சராசரி எடுத்தோம். சராசரி விலகல் என்று அதை அழைத்தோம். பத்துத் தோட்டாவும் அதில் வாக்களிக்கின்றன.

கிடைத்த அளவுகள்

நாற்பது நாற்பது தோட்டாக்களுக்குப் பிறகு சராசரி விலகல்: நீலம் 6.3 மி.மீ., கறுப்பு 6.8, பச்சை 8.0, வெள்ளை 8.4. பத்துத் தோட்டா குரூப்பாகச் சொன்னால் நீலம் 20ஐ ஒட்டி, பச்சை பழைய 25ஐ ஒட்டியே.

முதல் சோதனையில் ஜெயித்த பச்சை மூன்றாவது. அப்போது நான்காவது இடத்தில் இருந்த நீலம் முதலாவது.

இதையும் அப்படியே நம்ப நான் தயாராக இல்லை. நாற்பது தோட்டாவில் சராசரி விலகல் சுமார் 8 சதவீதம் இப்படி அப்படிப் போகலாம். 6.3க்கும் 8.0க்கும் உள்ள இடைவெளி அதைவிடப் பெரிது, ஆனால் சந்தேகத்துக்கு இடமே இல்லாத அளவுக்குப் பெரிது இல்லை. அதனால் நீலத்தையும் பச்சையையும் மட்டும் வைத்து இன்னும் நாற்பது நாற்பது சுட்டோம். நீலம் 6.5, பச்சை 7.9. அதற்குப் பிறகு ஒப்புக்கொண்டேன்.

நீலத்துக்கும் கறுப்புக்கும் இடையே எதையும் சொல்ல முடியாது. 6.3க்கும் 6.8க்கும் உள்ள வித்தியாசம் உண்மையா என்று பிரித்தறிய ஒவ்வொன்றிலும் 300க்கு மேல் சுட வேண்டியிருக்கும். அவரிடம் சொன்னேன். "வேண்டாம் அண்ணே" என்றார்.

துணிக்குள் சிக்கிய பெல்லட்டுகள்

நீலம் ஏன் நெருக்கமாகப் போகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. பழைய துணியை அழுத்தி அடைத்த பெட்டியில், பின்னால் இரும்புத் தகடு வைத்து, இரண்டு வகையிலும் சிலவற்றைச் சுட்டு எடுத்தோம். கண்ணாடி போட்டுக்கொண்டுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நீலத்தில் தலையைச் சுற்றிலும், பின்பாவாடையிலும் பேரலின் புரித் தடங்கள் தெளிவாக இருந்தன. பச்சையில் பாவாடையில் மட்டும் ஆழமான தடம். தலையில் ஒருபக்கம் லேசாகக் கீறியதுபோல் இருந்தது, மறுபக்கம் பளபளவென்று தொடாமல் இருந்தது.

அதற்குப் பிறகு கையில் வைத்துப் பார்த்தபோது அவருக்கே தெரிந்தது. நீலத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால்தான் உள்ளே உட்காருகிறது. பச்சை தொட்டால் போய்விடுகிறது. தலை புரிகளைப் பிடிக்காமல் பேரலுக்குள் கொஞ்சம் சாய்ந்து போயிருக்கலாம் என்பது என் ஊகம். நாலைந்து பெல்லட்டைப் பார்த்துச் சொல்வது ஊகம்தான். அளந்தது சராசரி விலகலை மட்டுமே.

அதன் பிறகு

அவர் நீலத்துக்கு மாறினார். கறுப்பைவிட இலேசானது, பாதை தட்டையாகப் போகும், தூரம் மாறினால் ஸ்கோப்பில் குறைவாகத் திருத்தினால் போதும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். கேட்பதற்குச் சரியான காரணம்.

மீதி ஐந்தரை டின் பச்சையை என்ன செய்வது என்று கவலைப்பட்டார். வீணாகவில்லை. நின்றுகொண்டு சுடும் பயிற்சியில் 25 மீட்டரில் அவருடைய பத்துத் தோட்டா குரூப் 84 மி.மீ.யைச் சுற்றி வருகிறது. ஆளின் ஆட்டமும் பெல்லட்டின் சிதறலும் நேராகக் கூடுவதில்லை, வர்க்கங்களாகக் கூடுகின்றன. பச்சையை எடுத்துவிட்டு நீலம் போட்டாலும் 84 என்பது 82.5 ஆகும், அவ்வளவுதான். கண்ணுக்கே தெரியாது. ஆகவே மேசைக்கு நீலம், நிற்பதற்குப் பச்சை. பச்சை மூடிகளில் "நின்று சுட" என்று மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் நாளில் இருபது தோட்டா பேரலுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

ஸ்க்ரூக்கள் மறுபடி தளர்ந்தன, எதிர்பார்த்தபடியே. இப்போது ஒவ்வொரு முறையும் சுடத் தொடங்கும் முன் தொட்டுப் பார்க்கிறார். மூன்று மாதம் கழித்து நீலத்தில் புதிய தொகுதி டின் வாங்கியபோது, பழையதில் மீதி வைத்திருந்த நாற்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தார், வேறுபாடு தெரியவில்லை. ஒரு டின் வாங்கி, பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் மற்றவை.

அடுத்த முறை என்றால்

என் தப்புகளை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

ஸ்க்ரூ தளர்ந்திருப்பதைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் உடனே இறுக்கிவிட்டேன். தளர்ந்த நிலையிலேயே நாலைந்து குரூப் சுடவைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்யாததால், கன்னத்து பிளாஸ்திரியும் ஸ்க்ரூவும் உள்ளங்கைக் கோடும் சேர்ந்து எவ்வளவு உதவின, உதவினவா என்பதற்கே எங்களிடம் எண் இல்லை. அவரிடம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று சொல்லிக்கொண்டே நான் ஒரே நாளில் நான்கை மாற்றியிருக்கிறேன்.

பெல்லட் மாறும்போது சுட்ட அந்த இருபது தோட்டாக்களின் அட்டைகளையும் கசக்கிப் போட்டுவிட்டேன். அவற்றை வைத்திருந்தால் பேரல் நிலைக்க உண்மையில் எத்தனை தோட்டா ஆகிறது, ஐந்து போதுமா என்று பார்த்திருக்கலாம். இருபது என்பது எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்ன எண். நான் சோதித்த எண் இல்லை.

அப்புறம், கிண்ணங்கள். அதைச் சொல்லாமல் செய்தது சரியில்லை என்று அவர் பின்னால் ஒருநாள் சொன்னார். இரண்டு வாரம் மனசுக்குள் வைத்திருந்திருக்கிறார். "ஏழுல சிலது ஒரே பெல்லட்டா இருக்கலாம்"னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அதே பாடம் கிடைத்திருக்கும், அவரும் சங்கடப்பட்டிருக்க மாட்டார். இப்போது புதிதாக வருபவர்களுக்கு அப்படிச் சொல்லிவிட்டுத்தான் கிண்ணங்களை வைக்கிறோம். வைப்பது அவர்தான். எந்தக் கிண்ணத்தில் எது என்று என்னிடமும் சொல்வதில்லை.